இருபத்து மூன்றாவது அம்பு

ஒன்பதாவது அம்பின் முடிச்சு அவர் போட்ட முடிச்சு அல்ல.

விளக்குக் கம்பத்தின் முன் நின்று அவர் அதைத் தடவிப் பார்த்தார். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் அட்டை, அதில் சிவப்பு அம்பு, பின்பக்கம் அவர் கையெழுத்தில் எண் ஒன்பது. எல்லாம் சரி. சணல்தான் சரியில்லை. அப்பா காலத்திலிருந்து அவர் வீட்டில் ஒரே முடிச்சுத்தான். இரண்டு சுற்று, ஒரு கண்ணி, நுனியை இழுத்தால் சட்டென்று அவிழ்ந்துவிடும். விடியுமுன் சைக்கிளில் வந்து முப்பத்தாறு அம்புகளையும் அப்படித்தான் கட்டிவிட்டுப் போயிருந்தார். இது கடுகளவு முடிச்சு. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று. இடுக்கியால் பிடித்து இழுத்ததுபோல் இறுகி, நகம்கூட நுழையாமல். கம்பம் காய்ந்திருந்தது. சணல் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

பல்லால் கடித்து அறுத்தார். வாயில் ஆற்றுச் சேற்றின் சுவை ஏறியது. அதற்கடியில் மெல்லிய எண்ணெய் வாசம். துப்பிவிட்டு, அம்பை இடது கையில் மற்ற எட்டோடு மாட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தார். அறுபத்தெட்டு வயதிலும் அவர் முதுகு வளையாது. நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருடம் நிமிர்ந்து நின்று பழகிய முதுகு. ஓட்டக்காரர்கள் அவர் இல்லாத இடத்தில் அவரை 'ஸ்கேல்' என்று சொல்வது அவருக்குத் தெரியும்.

இந்த ஓட்டத்தில் எல்லோருக்கும் கடைசியாக ஓடுபவரை வால் என்பார்கள். வாலுக்கு ஆரஞ்சு நிற மேலங்கி உண்டு. எண் கிடையாது, பட்டியலில் பெயர் கிடையாது. கடைசி ஓட்டக்காரரை முந்தக் கூடாது. வழியில் கட்டிய அம்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வர வேண்டும். முடிவு மேசையில் அம்புகளை வைத்து, "பின்னாடி யாரும் இல்ல" என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்ன பிறகுதான் பாதை மூடப்படும்.

பழைய நகரத்தின் கோட்டை வாசலில் தொடங்கி, கல் பாலம் தாண்டி, எதிர்க்கரைச் செங்கல் சூளைகளைச் சுற்றி, மறுபடி பாலம் வழியாகத் திரும்பும் பத்து கிலோமீட்டர். அவருடைய அப்பா சங்கிலி போட்டு அளந்த பாதை. ஓடி முடித்தவர்களுக்குக் கொடுக்கும் சான்றிதழில் அப்பாவின் பெயருக்குக் கீழே ஒரு வரி அச்சடித்திருக்கும்: இந்தப் பாதையில் இதுவரை யாரும் தொலைந்ததில்லை. அந்த வரியின் கீழேதான் அவர் வருடா வருடம் கையெழுத்துப் போடுகிறார்.

போன வருடமும் போட்டார்.

காலையில் தொடக்கக் கோட்டில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். கடிகாரம் பழுது பார்ப்பவரின் மனைவி. நெஞ்சில் எண் இல்லை. ஓட வந்தவளும் இல்லை. கையில் மடித்த துவாலை ஒன்றை வைத்துக்கொண்டு விளக்கின் கீழே நின்றாள்.

"இந்த வருஷம் வால் நீங்களா சார்?"

"ஆமாம்மா."

"நல்லதாப் போச்சு. பின்னாடி யாராவது வந்தா விட்டுட்டு வந்துடாதீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குப் பதில் சொல்லத் தெரியும். அவளோ, கடையில் பொட்டலம் கட்டித் தருபவனிடம் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு. எல்லாம் அவர் முடிச்சு. சூளைகளைச் சுற்றி வந்தபோது மனம் கொஞ்சம் அடங்கியது. பொழுது வெளுத்துக்கொண்டிருந்தது. ஆனால் ஆற்றிலிருந்து எழும்பிய மூடுபனி வெளிச்சத்தைக் குடித்துவிட்டு வெறும் சாம்பல் நிறத்தை மட்டும் மிச்சம் வைத்தது. பதினேழாவது அம்புக்கு மறுபடி பாலத்தில் ஏறியபோது, நதி கீழே எங்கோ இருக்கிறது என்பது சத்தத்தால் மட்டும் தெரிந்தது. முன்னால் பேக்கரிக்காரர் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தார். இன்றைய கடைசி ஓட்டக்காரர் அவர்தான்.

"என்ன சார், முதுகுல மூச்சு விடுறீங்க? போலீஸ்கூட இவ்வளவு பக்கத்துல துரத்தாது."

"நீங்க வேகமாப் போனா நான் ஏன் பக்கத்துல வரப்போறேன்?"

"வேகமா ஓடறவன் எதுக்கு சார் பேக்கரி வைக்கிறான்? ஊர்ல விக்காத கேக்கெல்லாம் எங்க போகுதுன்னு நினைக்கிறீங்க?" வயிற்றைத் தட்டிக் காட்டினார். "ஒண்ணு பண்ணுங்க ஸ்கேல் சார்."

"என் பேரு ஸ்கேல் இல்ல."

"மன்னிச்சுக்கோங்க, முதுகைப் பாத்ததும் வாயில வந்துடுச்சு. உங்களுக்குப் பின்னாடி வர்றாரே, அவரைக் கொஞ்சம் முன்னாடி விடுங்க. வருஷா வருஷம் நானே கடைசி ஆளுன்னா வீட்ல மானம் போகுது."

அவர் காலடி ஒரு கணம் தப்பியது.

"பின்னாடி யாரு?"

"பாலம் ஏறும்போது திரும்பிப் பாத்தேனே. குள்ளமா ஒருத்தர். தலையைக் குனிஞ்சுக்கிட்டு, எதையோ தேடற மாதிரி மெதுவா…"

"நான்தான் வால். எனக்குப் பின்னாடி யாரும் கிடையாது."

பேக்கரிக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு அவருடைய தோளுக்கு மேலாகப் பனியைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"சரி சார். உங்க பாதை. நீங்க சொன்னா சரி."

அதன் பிறகு அந்தக் கனத்த மனிதர் அதுவரை ஓடாத வேகத்தில் ஓடினார். பனிக்குள் அவர் முதுகு மங்கி மறைந்தது.

வாலாக வந்தவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் யாரோ இருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இருபத்து இரண்டாவது அம்பு பாலத்தடியில், பாதை பிரியும் இடத்தில். நேரே போனால் சந்து. ஐம்பது தப்படியில் பழைய சுங்கக் கட்டிடத்தின் வாசலுக்குப் போய்விடலாம். பாதை அப்படிப் போவதில்லை. வலப்பக்கம் படியிறங்கி, கோட்டை மதிலுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஓடும் தாழ்ந்த கல் வழியில் ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றி, சுங்கக் கட்டிடத்தின் இரும்புக் கதவு வழியாக மேலே ஏற வேண்டும். அந்தக் கதவை ஓட்டத்தன்று மட்டும் காவலாளி திறந்து வைப்பார். கடைசி ஆள் ஏறியதும் பூட்டுவார். ஏழு மணிக்குச் சங்கு ஊதி, மேலே அணை மதகைத் திறப்பார்கள். கல் வழியின் நடுப்பகுதிதான் பள்ளம். முதலில் அது முழுகும். பிறகு இரண்டு பக்கமும் ஏறும்.

போன வருடம் வாலாக ஓடியது அவர் மகள். அவளுக்கு முழங்கால் வலி. கீழே யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். படியிறங்காமல் சந்து வழியாகப் போய், காவலாளியிடம் "பின்னாடி யாரும் இல்ல, பூட்டிடுங்க" என்று சொல்லிவிட்டு முடிவு மேசைக்கு வந்தாள். அவள் வைத்த அம்புகளை அவர் எண்ணினார். முப்பத்தைந்து. கல் வழியில் கட்டியிருந்த இருபத்து மூன்றாவது மட்டும் இல்லை. பட்டியலைப் பார்த்தார். அறுபத்தொன்றாம் எண் வந்து சேரவில்லை. கடிகாரக்காரர். எப்போதும் மெதுவாக ஓடுபவர்.

அப்போது சங்கு ஊதிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. இரும்புக் கதவுக்கு ஓடினார்.

"யாரோ கதவைத் தட்டின மாதிரி இருந்துச்சு சார்" என்றார் காவலாளி. "உங்க பொண்ணே சொன்ன பிறகு யாரு இருக்கப்போறாங்கன்னு போயிட்டேன்."

அவர் மேசைக்குத் திரும்பினார். சிவப்புப் பென்சிலை எடுத்தார். ஸ்கேலை வைத்து, அறுபத்தொன்றாம் எண்ணின் மேல் ஒரே கோடாக இழுத்தார். பக்கத்தில் எழுதினார்: கிளம்பவில்லை.

மகள் பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்பா, அவர் கிளம்பினாருப்பா. நான் பாத்தேன்."

"நீ பாக்கல."

"அப்பா…"

"தாத்தா போட்ட பாதை இது. நாளைக்கு உன் பேரையும் தாத்தா பேரையும் சேர்த்து ஊரே பேசும். அவன் கிளம்பல. நீ பாக்கல. அவ்வளவுதான்."

நதி அந்த மனிதரைத் திருப்பித் தரவே இல்லை. சாயங்காலம் மனைவி வந்து கேட்டபோது பட்டியலைக் காட்டினார். அவள் அந்தச் சிவப்புக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து மகள் கல் வழியில் கால் வைப்பதில்லை. இந்த வருடம் முடிவு மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். காணாமல் போன இருபத்து மூன்றாவது அம்புக்குப் பதிலாக அவரே புதிதாக ஒன்று செய்தார்.

இருபத்து இரண்டைக் கழற்றினார். சந்தைப் பார்த்தார். ஐம்பது தப்படி. யாருக்கும் தெரியாது.

தூ, என்ன நினைப்பு இது. அளந்த பாதையில் ஒரு தப்படி குறைத்தவள் இந்தக் குடும்பத்தில் ஒருத்திதான். அது அவளோடு போகட்டும்.

படியிறங்கினார்.

கீழே காற்று வேறாக இருந்தது. மதில் ஒரு பக்கம் வியர்த்து நின்றது. மறுபக்கம் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர், தூங்குகிறவன் வாயைச் சப்புவதுபோல் கல்விளிம்பைச் சப்பிக்கொண்டிருந்தது. பாசியின் வாசம், அழுகிய கயிற்றின் வாசம், அவற்றினூடே மறுபடியும் அந்த மெல்லிய எண்ணெய். பல வருடங்களுக்கு முன் அப்பாவின் கைக்கடிகாரத்தைப் பழுது பார்க்கக் கொடுத்தபோது அந்தச் சின்னக் கடையில் இதே வாசம் அடித்தது. ஊசி முனையில் ஒரு சொட்டு எடுத்து விடும் எண்ணெய். அந்தக் கடிகாரம் இப்போது அவர் மணிக்கட்டில் இருந்தது. ஆறு நாற்பது. இருபது நிமிடம் இருக்கிறது. தாராளம்.

மதிலில் அடித்த ஆணியில் இருபத்து மூன்று தொங்கியது. புதியது. அவர் செய்தது. கண்ணியை இழுத்தார், அவிழ்ந்தது. கையில் மாட்டிக்கொண்டார். பெருமூச்சு விட்டார்.

பத்துத் தப்படி தள்ளி இன்னொரு அம்பு தொங்கியது.

அங்கே அவர் எதையும் கட்டவில்லை. அடுத்த அம்பு கதவுக்கு வெளியே, சந்து முனையில்தான். கிட்டே போனார். அட்டை ஊறி உப்பியிருந்தது. சிவப்பு வெளுத்து, கழுவிய காயம்போல் இருந்தது. திருப்பினார். அவருடைய கையெழுத்து. இருபத்து மூன்று. கடுகளவு முடிச்சு மூன்று.

பழைய அம்பு.

அதை விட்டுவிட்டுப் போகலாம். போக முடியவில்லை. பாதையில் ஒரு அம்பை விட்டு வந்த வால் வால் அல்ல, அப்பா சொன்னது. பல்லால் கடித்து அறுத்தார். அட்டையிலிருந்து அவர் தாடை வழியாகத் தண்ணீர் வழிந்தது. சில்லென்று.

அப்போதுதான் கேட்டது.

சளக். சளக்.

ஊறிய காலணியின் சத்தம். மெதுவாக. பின்னால். படிகளின் பக்கத்திலிருந்து.

அவர் நின்றார். சத்தம் நின்றது. ஓடினார். சளக், சளக். அவர் வேகத்துக்கு ஒத்தே வந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மதில் ஓரம் ஒதுங்கி, பார்வையை முன்னாலேயே வைத்துக்கொண்டு சொன்னார்:

"முன்னாடி போங்க."

யாரும் போகவில்லை. தோளுக்கு மிக அருகில் ஈரத்தின் குளிர் மட்டும் வந்து நின்றது. ஐஸ் பெட்டியைத் திறந்ததுபோல்.

இடுப்பில் வாக்கி டாக்கி கரகரத்தது. அவரிடம் ஒன்று, மகளிடம் ஒன்று, காவலாளியிடம் ஒன்று.

"அப்பா? பேக்கரி அண்ணன் வந்துட்டாரு. ஒரு மாதிரி பயந்துபோய் இருக்காரு. உங்களுக்குப் பின்னாடி ஒருத்தர் இருந்தாருங்கறாரு." மகளின் குரல் தாழ்ந்தது. "அப்பா, யாராவது பின்னாடி இருக்காங்களா?"

சளக்.

ஒரே ஒரு வார்த்தை. 'ஆமா' என்றால் போதும். கதவு திறந்திருக்கும், ஆட்கள் விளக்கோடு இறங்கி வருவார்கள், அவர் தனியாக இருக்க மாட்டார். ஆனால் அடுத்து யார் என்று கேட்பார்கள். பட்டியலில் எல்லோரும் வந்தாகிவிட்டது. மேசைக்குப் பக்கத்தில் அந்தப் பெண் துவாலையோடு நின்றுகொண்டிருப்பாள். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அவர் முதுகு தானாக நிமிர்ந்தது.

"யாரும் இல்ல" என்றார்.

"நிச்சயமாவா அப்பா?"

"பின்னாடி யாரும் இல்லன்னு சொல்றேன்ல."

கருவி அமைதியானது. பின்னால் யாரோ மூச்சை உள்ளே இழுப்பதுபோல் ஒரு சத்தம். பிறகு காலடி மறுபடியும் தொடங்கியது. இந்த முறை வேகமாக. சளக் சளக் சளக். அவர் மதிலோடு ஒட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடினார். ஈரம் அவரை உரசிக்கொண்டு தாண்டிப் போனது. தோள் இலேசானது. கை இலேசானது.

கண்ணைத் திறந்தபோது முன்னால் பனியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு முதுகு போய்க்கொண்டிருந்தது.

நிமிர்ந்த முதுகு.

ஓடினார். பள்ளத்தைத் தாண்டினார். கணுக்காலில் தண்ணீர் பட்டது. இன்னும் நேரம் இருக்கிறதே. கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு நாற்பது. முள் அசையவில்லை.

சங்கு ஊதியது.

நீளமாக. மதில் அதிர. அது அடங்கும்போது முன்னால் இரும்பு இரும்பில் மோதும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. சாவி ஒரு சுற்று.

"டேய்! பூட்டாதே! நான் உள்ள இருக்கேன்!"

கதவில் போய் விழுந்தார். இரும்புத் தகடு. கண் உயரத்தில் ஒரு சின்னத் துவாரம். தட்டினார். உள்ளங்கை எரியத் தட்டினார். கருவியை வாயருகே வைத்துக் கத்தினார்.

கொஞ்ச நேரம் கரகரப்பு. பிறகு காவலாளியின் குரல், குழப்பத்தோடு.

"யாரு பேசறது? விளையாடாதீங்க. சார் இப்பத்தானே என்னைத் தாண்டிப் போனாரு? அவரே பூட்டச் சொன்னாரு."

"நான்தான்டா அது! நான்தான்…"

"சார்தான் சொன்னாரே, பின்னாடி யாரும் இல்லன்னு."

துவாரத்தில் கண்ணை வைத்தார். காவலாளி சாவியைச் சுழற்றியபடி போய்க்கொண்டிருந்தார். அதற்கும் அப்பால், சந்து முனையில், ஆரஞ்சு மேலங்கி போட்ட ஒருவர் இருபத்து நான்காவது அம்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கண்ணியை இழுக்கவில்லை. விரல் நுனிகளால், பொறுமையாக, இடுக்கியால் எடுப்பதுபோல் எடுத்தார். இடது கையில் அம்புக் கொத்து தொங்கியது.

அவர் தன் இடது கையைப் பார்த்தார். வெறும் கை. வலது கையில் மட்டும் அந்த உப்பிய பழைய அட்டை.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. தட்டினார். இடுப்புக்கு வந்தது. தட்டினார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கடிகாரத்தில் ஆறு நாற்பது.

தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்த கருவி மறுபடி கரகரத்தது. மகள். குரலில் அழுகை கலந்த சிரிப்பு.

"எல்லாருக்கும் சொல்லிடறேன். அப்பா வந்துட்டாரு. அம்பு எண்ணியாச்சு. முப்பத்தாறு. சரியா இருக்கு. பாதை மூடியாச்சு."

"அம்மா," என்றார் அவர். "கண்ணு. அது நான் இல்ல. கிட்ட போகாதே."

அந்தப் பக்கம் கேட்டதா என்று தெரியவில்லை. அவள் பொத்தானை விட மறந்திருந்தாள். மேசை நகரும் சத்தம். யாரோ ஒரு பெண், துவாலையை உதறி விரிக்கும் சத்தம். பிறகு மகள், மெல்ல, அருகில் இருப்பவரிடம் பேசினாள்:

"அப்பா, ஏன் இப்படி நனைஞ்சிருக்கீங்க?"

கருவி அணைந்தது.

தண்ணீர் மார்புக்கு ஏறியது. அவர் நெஞ்சில் ஏதோ மிதந்து மேலே வந்தது. நான்கு மூலையிலும் ஊக்குக் குத்திய ஓட்டக்காரர் எண் தாள், அவர் சட்டையோடு சேர்த்து. அறுபத்தொன்று. அதன் மேல் சிவப்புப் பென்சிலில், ஸ்கேல் வைத்து இழுத்த, துளியும் வளையாத ஒரே கோடு.